ஈ வந்த இடமும் ஈ பிறந்த இடமும்

போன வருஷம் நான் ரிட்டயர் ஆன அன்று ஆபீஸில் மாலை போட்டு, மைக்கைக் கையில் கொடுத்து, "உங்க அனுபவத்தைச் சொல்லுங்கம்மா" என்றார்கள். நான் "எல்லாருக்கும் வணக்கம்" என்றேன். அதுக்கு மேலே ஒரு வார்த்தை வரவில்லை. மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குப் பேசினவர்களிலேயே என் பேச்சுதான் நன்றாக இருந்தது என்று ஏழுமலை இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறான். ஏழுமலை என்னோடு இருபது வருஷம் குப்பை வண்டி தள்ளினவன். அவனை வாயை மூடச் சொல்வது ஈயை இரையாதே என்று சொன்ன மாதிரிதான்.

இப்போது புதுசாக வந்திருக்கிற மேற்பார்வையாளர் பெண், எங்கள் தொழிலாளர் சங்கத்து மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்று நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு ஒரு சந்தேகம். "யக்கா, ஈ தொல்லைன்னு போன்ல கம்ப்ளெயின்ட் வருது. ஈ மொய்க்கிற எடத்தைப் படம் புடிச்சு ஏத்தறோம். மருந்து அடிக்கிறோம். மறுநாளு போனா அதே ஈ, அதே எடம். இன்னாக்கா இது?"

அதே ஈ இல்லை கண்ணு. அதோட தங்கச்சிகள். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நான் அஞ்சாவது வரைதான் படித்தேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். ஈயைப் பற்றிப் பிழை இருந்தால் மட்டும் என்னைக் கேளுங்கள்.

கருங்குழிப் பேரூராட்சியில் என் வீட்டுக்காரர் துப்புரவு வேலை பார்த்தார். அவர் போனபிறகு அந்த வேலை எனக்கு வந்தது. அதுவரைக்கும் நடவு நட்டவள் நான். முதல் ரெண்டு வருஷம் துடைப்பம் பிடித்தேன் என்பதைத் தவிர சொல்ல ஒன்றும் இல்லை. அப்புறம்தான் சானிட்டரி இன்ஸ்பெக்டராகக் கருணாகரன் சார் வந்தார்.

ஒல்லியான மனுஷர். சட்டைப் பையில் எப்போதும் ரெண்டு பேனா. ஒன்றில் மை இருக்கும், அது ரெஜிஸ்தருக்கு. இன்னொன்றில் மை இருக்காது, அது குப்பையைக் கிளறுவதற்கு. எது எது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அதனால் ஆபீஸில் யாருமே அவரிடம் பேனா கடன் கேட்க மாட்டார்கள். கிளார்க் ஒருதரம் தெரியாமல் வாங்கி, யோசிக்கும்போது வாயில் வைத்துவிட்டார். பாவம், அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவே இல்லை.

சாருக்கு ஈ என்றால் ஒரு மரியாதை. அது இது என்று சொல்ல மாட்டார். "அவங்க எங்க உக்காந்திருக்காங்க பாரு" என்பார். டீக்கடையில் டீ வந்தால் உடனே குடிக்க மாட்டார். கிளாஸ் விளிம்பில் எத்தனை பேர் வந்து உட்காருகிறார்கள் என்று பார்த்துவிட்டு, "ஈ சும்மா உக்காராது. முன்னாடி தின்னதைக் கொஞ்சம் கக்கித்தான் புதுசைக் கரைச்சு உறிஞ்சும்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் குடிப்பார். கடைக்காரர் பாதிப் பேருக்குக் காசைத் திருப்பிக் கொடுக்கும்படி ஆகும்.

அவர் ஒரு மரச்சட்டம் செய்து வைத்திருந்தார். முழத்துக்கும் கொஞ்சம் கூடுதலான நீளம். விரல் அகலம் இடைவெளி விட்டு வரிசையாகக் குச்சி அடித்தது. நாங்கள் ஏணி என்போம். ஈ எங்கே அதிகம் என்று கண்ணால் பார்த்துச் சொல்லக் கூடாதாம். ஏணியைக் குப்பை மேலே வைக்க வேண்டும். ஈக்கள் முதலில் பறந்துபோகும். அப்புறம் குச்சி ஓரத்தில் வந்து உட்காரும், ஈக்கு ஓரம் பிடிக்கும். நம் நிழல் அதன் மேலே விழாமல், மூச்சுக்கூடப் பலமாக விடாமல் நின்று, அரை நிமிஷத்தில் எத்தனை உட்காருகிறது என்று எண்ண வேண்டும். இப்படிப் பத்து இடம். அதில் அதிகமாக வந்த அஞ்சை எடுத்துக் கூட்டி, அஞ்சால் வகுத்தால் அந்தத் தெருவின் கணக்கு.

இந்த வேலைக்கு ஆள் தேடினார். ஏழுமலை நின்றான். எண்ணும்போதே "சார், இங்க ஒண்ணு, சார், அங்க ஒண்ணு" என்று கை நீட்டினான். எல்லாம் பறந்துவிட்டன. இன்னொருத்தர் தும்மினார். கடைசியாக என்னை நிற்க வைத்தார். எனக்குச் சின்ன வயசிலிருந்தே நாலு பேர் பார்த்தால் கை கால் அசையாது, வாயும் திறக்காது. ஈ ஒன்று என் மூக்கின் மேலேயே வந்து உட்கார்ந்தது. நான் எண்ணி முடித்து "இருவத்திரெண்டு" என்றேன். சார் அதைக் குறித்துக்கொண்டார். "பயந்து நிக்கிறதுக்குக்கூட ஒரு வேலை இருக்கும்மா" என்றார். கூச்சத்துக்குச் சம்பளம் வாங்கினவள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

எண்ணத் தெரிந்ததும், ஈ எப்படிப் பிறக்கிறது என்று காட்டினார். சொல்லிக் கொடுக்கவில்லை, காட்டினார். காலி ஊறுகாய் பாட்டிலில் அடியில் காய்ந்த மண், மேலே ஈரச் சாணி. அதை மாட்டுத் தொழுவத்தில் ஒரு காலைப்பொழுது திறந்து வைத்துவிட்டு, துணி கட்டி, ஆபீஸில் பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தோம். "தினமும் பாரு, பார்த்ததைச் சொல்லு" என்றார்.

முதல் நாள் சாணி வெடிப்பில் வெள்ளையாக நொய் அரிசி மாதிரி குவியல். நூறுக்குக் குறையாது. ஒரு தாய் ஒரு தடவைக்கு அவ்வளவு போடும், அப்படி நாலைந்து தடவை. மறுநாள் அது புழு. கண் கிடையாது, கால் கிடையாது, வெளிச்சம் பட்டால் மட்டும் உள்ளே ஓடும், என்னை மாதிரி. அஞ்சு நாள் தின்றது, தின்றது, தின்றது. அப்புறம் ஒரு நாள் திடீரென்று சோறு பிடிக்காத மாதிரி ஈரத்தை விட்டுக் கிளம்பிக் காய்ந்த மண்ணுக்குள் போனது. அங்கே சுருங்கி, தோல் இறுகி, கோதுமை மணி மாதிரி கறுஞ்சிவப்பாகக் கிடந்தது. நான் செத்துவிட்டது என்று வருத்தமாகச் சொன்னேன். சார் சிரித்தார். இன்னும் நாலு நாள் கழித்து அந்த மணி ஒரு ஓரத்தில் மூடி திறந்து ஈ வந்தது.

"குட்டி ஈயா சார்?"

"குட்டி ஈன்னு ஒண்ணு கிடையாது கன்னியம்மா. வெளிய வரும்போதே முழுசு. அதுக்கு மேல வளராது. வளர்றதெல்லாம் புழுவா இருக்கும்போதுதான். அதனால நாம புழுவைத்தான் பிடிக்கணும். பறக்கிறதுக்குப் பின்னாடி ஓடக் கூடாது."

ஆக, வெயில் காலத்தில் முட்டையிலிருந்து ஈ வரைக்கும் பத்து நாள். வாரத்துக்கு ரெண்டு தடவை குப்பையை அள்ளினால் எந்தப் புழுவும் வயசுக்கு வராது. இதுதான் எங்கள் தொழிலின் மொத்தப் படிப்பு. பத்து நாளில் படித்து முடித்துவிட்டேன். பதினொன்றாம் நாள் கிளார்க் ஊறுகாய் என்று நினைத்து பாட்டிலைத் திறந்தார். அவருக்கு எங்களோடு ராசியே இல்லை.

அள்ளினதை என்ன செய்வது? அதுக்கும் சார் ஒரு முறை வைத்திருந்தார். இடுப்பு ஆழத்துக்குக் குழி. குப்பையைக் கொட்டி, மேலே முழங்கால் உயரம் மண் போட்டு, தண்ணீர் தெளித்து, எல்லாரும் சேர்ந்து மிதிக்க வேண்டும். கருங்குழியில் ஏரி ஓரத்துக் களிமண். மிதித்து ஒரு வெயில் காய்ந்தால் செங்கல் ஆகிவிடும். கடைசியாக மேலே பிளீச்சிங் பவுடரால் ஒரு கோடு. குழி மிதிக்கிறதில் நான் கெட்டிக்காரி. நடவு நட்ட கால் அல்லவா. பத்து வருஷம் அப்படிச் செய்தோம். எங்கள் ஊரில் ஏணி வைத்தால் மூணு, நாலு. அதுக்கு மேலே வராது.

அப்புறம் சாருக்குக் கடற்கரைப் பக்கம் மாறுதல். நெம்மேலிக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் ஒரு ஊர், பேர் வேண்டாம். கேட்டு எழுதி என்னையும் ஏழுமலையையும் கூடவே வாங்கிக்கொண்டார். அங்கே வேலைக்குப் பஞ்சம் இல்லை. ஓட்டல்கள், அவற்றின் எச்சில் இலை, காய்கறிக் கழிவு, ரோட்டில் திரிகிற மாடு, அது போடுகிற சாணி. எல்லாவற்றையும் அள்ளினோம். சவுக்குத் தோப்புக்குப் பின்னால் குழி வெட்டினோம். கொட்டி, மண் போட்டு, மிதித்து, வெள்ளைக் கோடு போட்டோம். சார் வந்து பார்த்து, "கருங்குழி மாதிரியே இருக்கு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ரெண்டு வாரத்தில் ஊரில் ஈ. அப்படி ஒரு ஈயை நான் பார்த்ததில்லை. சோற்றில் கை வைத்தால் கையோடு நாலு வரும். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. கடலைப் பார்த்துக் கட்டின ஓட்டல்காரர்களும் டீக்கடைக்காரர்களும் சேர்ந்து மனு கொடுத்தார்கள். தோப்புக்கு முன்னால் மணலில் வலை விரித்துக் கருவாடு காயவைக்கிற பெண்களால்தான் ஈ வருகிறது, அவர்களை எடுத்துவிட வேண்டும் என்று. தேசம்மாவும் அவளோடு ஏழு பெண்களும். காலங்காலமாக அந்த மணலில் காயவைப்பவர்கள். அதை விட்டால் அவர்களுக்கு வேறு இடம் கிடையாது. மேலே இருந்து உத்தரவு வந்தது: இன்ஸ்பெக்டர் பரிசோதித்து வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அறிக்கை தர வேண்டும், ஈ அங்கேதான் என்றால் அன்றைக்கே காலி செய்ய வேண்டும்.

சார் என்னை ஏணியோடு அனுப்பினார்.

தேசம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். என்னைவிட ரெண்டு மடங்கு உடம்பு, நாலு மடங்கு குரல்.

"இன்னாம்மா இது ஏணி? ஈ ஏறி எங்க போவுது, மாடிக்கா?"

ஏணியைக் கீழே வைத்து எண்ணினேன். முப்பத்தெட்டு.

"ஏ, இங்க பாருங்கடி! கவர்மென்ட்ல ஆள் அனுப்பி ஈ எண்ணிக்கினு கீறாங்க. எண்ணி ரேஷன் கார்டு குடுக்கப் போறியாம்மா?"

எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் சிரித்தால் ஈ பறந்துவிடும். பத்து இடம் எண்ணினேன். எதுவும் முப்பதுக்குக் கீழே இல்லை. எழுதிக்கொண்டு போயிருந்தால் அன்றைக்கே தேசம்மாவின் கதை முடிந்திருக்கும். ஆனால் ஒன்று உறுத்தியது. மீனில் முட்டை போடுகிற ஈ பச்சையாகப் பளபளவென்று இருக்கும். இதெல்லாம் சாம்பல் நிறம், முதுகில் நாலு கோடு. வீட்டு ஈ. சாணியிலும் அழுகின இலையிலும் பிறக்கிற ஜாதி. இங்கே சாப்பிட வந்திருக்கிறது, பிறந்தது வேறே எங்கேயோ. வலையைத் தூக்கிப் பார்த்தேன், மணலைக் கிளறினேன், உப்புத் தொட்டி அடியில் பார்த்தேன். ஒரு புழு இல்லை. நெத்திலி அந்த வெயிலில் ஒரே நாளில் விறைத்துவிடுகிறது, அதில் எது பிழைக்கும்?

"இன்னா தேடறே?" என்றாள் தேசம்மா, குரல் கொஞ்சம் இறங்கி.

"புழு."

"எங்க கருவாட்டுல புழுவா? வாய் கீதேன்னு பேசாத!"

வாய் இருக்கிறது என்று என்னை முதன்முதலில் திட்டினவள் அவள்தான்.

புதன்கிழமை காலையில் ஏழுமலையோடு அடுத்த குழி வெட்டத் தோப்புக்குப் பின்னால் போனேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பழைய குழியின் மேலே, நான் போட்ட வெள்ளைக் கோட்டின் மேலே, மணல் அசைந்தது. குனிந்து பார்த்தேன். மணலைத் தள்ளிக்கொண்டு ஒரு தலை வந்தது. நெற்றியில் ஒரு பை, ஊதி ஊதிச் சுருங்கியது. அந்தப் பையால்தான் கோதுமை மணியின் மூடியைத் திறக்கும், அதாலேயேதான் மண்ணையும் தள்ளும். வெளியே வந்து, வெளிறிப்போய், இறக்கை கசங்கி, பறக்கத் தெரியாமல் கொஞ்ச தூரம் ஓடியது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் நாலு. அப்புறம் எண்ண முடியவில்லை. நாற்றங்காலில் விதை முளைக்கிற மாதிரி குழி முழுக்க ஈ முளைத்துக்கொண்டிருந்தது.

களிமண் இறுகும். மணல் இறுகுமா? எத்தனை மிதித்தால் என்ன, கடல் மணல் கால் எடுத்ததும் கலைந்துவிடும். நாங்கள் புழுவைப் புதைக்கவில்லை. காய்ந்த மண்ணைத் தேடி ஓடுகிற புழுவுக்கு மேலே முழங்கால் உயரம் காய்ந்த மணலைக் கொட்டி, மெத்தை போட்டுக் கொடுத்திருக்கிறோம். ஊரில் கிடந்திருந்தால் பாதியைக் கோழியாவது தின்றிருக்கும்.

ஏழுமலையும் பார்த்தான். அவனுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேச்சு நின்றது. அப்புறம் மெதுவாகச் சொன்னான். "யக்கா, நீயும் பாக்கல, நானும் பாக்கல. இன்னும் ரெண்டு கூடை மண்ணு போட்டுட்டு வா, போலாம்."

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. உண்மையைச் சொல்கிறேன். பேசாமல் இருப்பது எனக்குச் சுலபம், அதில் பழகினவள். சார் சொன்ன முறை, நான் மிதித்த குழி. இதைப் போய் அவரிடம் எப்படிச் சொல்வது? அன்று சாயங்காலம் சொல்லத்தான் போனேன். அவர் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். "கருவாட்டுக் களத்துக் கணக்கு முப்பத்தஞ்சுக்கு மேல வருதேம்மா, பாவம், என்ன செய்ய?" என்றார். நான் "ஆமா சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவ்வளவுதான் வந்தது.

மறுநாள் காலையில் வழக்கப்படி அதே களத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன். தேசம்மா வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "நாளைக்கி எடுக்கச் சொல்லுவாங்களாம்மா? தெரிஞ்சா இன்னிக்கி வர்ற மீனை வாங்காம வுட்டுருவேன்" என்று தணிந்து கேட்டாள். அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. அவள் கத்தியிருந்தால் ஒருவேளை பேசாமல் போயிருப்பேன்.

வீட்டுக்கு ஓடி என் கொசுவலையை எடுத்து வந்தேன். குழியின் மேலே சவுக்குக் குச்சி நட்டுக் கூடாரம் மாதிரி விரித்து, நாலு பக்கமும் ஓரத்தை மணலுக்குள் புதைத்தேன். அதுக்கு முன்னாடி உள்ளே ஒரு ஈகூட இல்லாமல் ஓட்டிவிட்டேன். வெளியே இருக்கிற ஈ உள்ளே போக வழி இல்லை. உள்ளே ஈ இருந்தால் அது கீழே இருந்துதான் வந்திருக்க வேண்டும். பேசத் தெரியாதவள் வேறு என்ன செய்வாள்?

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆபீஸ் வாசலில் சாரை மறித்தேன். "ஒரு நிமிஷம் வாங்க சார்" என்றேன். இவள் தானாகக் கூப்பிடுகிறாளே என்ற ஆச்சரியத்திலேயே அவர் பின்னால் வந்தார்.

வெள்ளைக் கொசுவலை கறுப்பாக இருந்தது. உள்ளே இருந்து ஒரு இரைச்சல். சார் வழக்கப்படி ஒரு ஓரத்தில் விரல் வைத்து எண்ண ஆரம்பித்தார். அம்பதுக்கு மேலே எண்ணாமல் நிறுத்திவிட்டார். மை இல்லாத பேனாவை எடுத்து மணலைக் கிளறினார். கோதுமை மணிகள் அள்ள அள்ள வந்தன.

"இந்தக் குழியை யார் மிதிச்சது?"

"நான்தான் சார்."

"மிதிக்கச் சொன்னது?"

நான் மண்ணைப் பார்த்தேன்.

"கன்னியம்மா. எண்ணிச் சொல்ற மாதிரி சொல்லு. கூட்டாதே, குறைக்காதே."

"நீங்கதான் சார்."

அவர் பேனாவைத் துடைத்துப் பையில் வைத்தார். "ஈயைப் பத்தி அத்தனை பாடம் எடுத்தேன். மண்ணைப் பத்தி உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே. நீ வயல்ல இறங்கினவ" என்றார். கோபமா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. எழுதி வைத்திருந்த அறிக்கையை அங்கேயே நாலாகக் கிழித்தார். கிழித்ததைக் கீழே போடவில்லை. அவர் அப்படிப்பட்ட மனுஷர், காகிதத்தைக்கூடச் சட்டைப் பையில்தான் போட்டுக்கொண்டார்.

பதினொரு மணிக்குப் புது அறிக்கை. ஈக்கள் பேரூராட்சிக் குழியில் பிறந்தவை, கருவாட்டுக் களத்தில் பிறக்கவில்லை, மணலில் புதைத்தது தவறு, உத்தரவிட்டது நான், என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கூட்டத்தில் பெரிய அதிகாரி, "இதை யாருய்யா கண்டுபிடிச்சது?" என்று கேட்டபோது என்னை எழுப்பி நிறுத்தினார். ஏசி அறையில் எனக்கு வேர்த்தது. "எல்லாருக்கும் வணக்கம்" என்றேன். நல்ல வேளை, கொசுவலையைச் சுருட்டி உள்ளே ஈயோடு எடுத்துப் போயிருந்தோம். அதை மேசை மேலே வைத்ததும் மீதியை அவர்களே புரிந்துகொண்டார்கள். வலையில் எங்கேயோ ஒரு ஓட்டை இருந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது. கூட்டம் சீக்கிரம் முடிந்தது.

சாருக்கு ஒரு மெமோ வந்தது. எனக்கு எதுவும் வரவில்லை. குழிகளைத் தோண்டி, குப்பையை வெயிலில் நாலு விரல் கனத்துக்குப் பரப்பினோம். காய்ந்தால் புழு சாகும். மணலைச் சல்லடையில் சலித்து, மணிகளைக் கொளுத்தினோம். அதுக்கப்புறம் அந்த ஊரில் யாரும் மணலில் எதையும் புதைக்கவில்லை.

களம் தப்பித்தது என்று சொல்லத் தேசம்மாவிடம் நானே போனேன். குழி என்னுடையது என்பதையும் சொன்னேன். கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேனோ என்னமோ.

"இன்னாது? நீ பெத்து வுட்ட ஈயை எங்க தலையில கட்டி, எண்ண வேற வந்தியா? ஏணி எடுத்துக்கினு?"

"தெரியாம..."

"தெரியாமலா! நாலு நாளு கருவாட்டை ஒருத்தன் வாங்கல. இந்தா." ஒரு ஓலை மட்டையை என் கையில் திணித்தாள். "உன் புள்ளைங்கதானே. நீயே ஓட்டு. தீர்ற வரைக்கும் தெனம் வந்து குந்து."

புதுசு பிறக்காவிட்டாலும் பறக்கிற ஈ மூணு வாரம் வரைக்கும் உயிரோடு இருக்கும். இதை நான் அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். மூணு வாரமும் வேலை முடிந்து மத்தியானம் ரெண்டு மணிக்கு அந்தக் களத்தில் உட்கார்ந்து ஓலை மட்டையால் ஈ ஓட்டினேன். ஏழுமலை அந்தப் பக்கம் வேலையே இல்லாமல் தினம் ரெண்டு தடவை வந்து போனான். ஏழு பெண்களும் என்னை வைத்துப் பேசிச் சிரித்தார்கள். முதல் வாரம் தலை குனிந்து இருந்தேன். ரெண்டாவது வாரம் நானும் சிரித்தேன். மூணாவது வாரம் ஒரு நாள் நானே ஒன்று சொல்லி அவர்கள் சிரித்தார்கள். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது.

கடைசி நாள் ஏணியைக் கொண்டுபோய் வைத்தேன். தேசம்மா பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு, அவளும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள்.

"எத்தினி?"

"ரெண்டு."

மட்டையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "அது ரெண்டும் இருந்துட்டுப் போட்டும். அதுவும் பூடிச்சின்னா உனக்கு வேலை போயிடும்" என்றாள்.